பெயர் யாருடையது? சிதைந்த கல்வெட்டுகளும் உருவச்சிலைகளின் அடையாளமும்

1. கேள்வி

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கு அருகில் உள்ள சிதறால் மலைக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் திருச்சாரணத்துமலை. அதன் உச்சியில், இயற்கையாக அமைந்த குகையை ஒட்டிய பாறை முகப்பில், சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சிலவற்றின் கீழே வட்டெழுத்தில் ஆட்பெயர்கள் காணப்படுகின்றன. ஓர் உருவமும் அதன் அடியில் ஒரு பெயரும் இருந்தால், இரண்டையும் சேர்த்துப் படிப்பதே நம் இயல்பு. இந்தப் பெயர்தான் இந்த உருவத்துக்கு உரியது என்று மனம் உடனே முடிவு கட்டிவிடுகிறது.

அந்த முடிவு எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சிலைக்கு அருகில் பொறிக்கப்பட்ட பெயர் நான்கு வகையில் அச்சிலையோடு தொடர்புபடலாம். அது சிலையில் காட்டப்பட்டவரின் பெயராக இருக்கலாம். அதைச் செய்வித்தவரின் பெயராக இருக்கலாம். செதுக்கிய சிற்பியின் பெயராக இருக்கலாம். யாருடைய நன்மைக்காக அல்லது நினைவுக்காகச் சிலை எடுக்கப்பட்டதோ அவருடைய பெயராகவும் இருக்கலாம். எந்தத் தொடர்பு என்பதைச் சொல்வது பெயர் அன்று. பெயரை அடுத்து வரும் சொற்கள். கல் பொரிந்து எழுத்து உதிரும்போது அந்தச் சொற்கள் போய்ப் பெயர் மட்டும் எஞ்சினால், தவறான அடையாளத்துக்கு வாசல் திறந்துவிடுகிறது. எனவே சிதைந்த கல்வெட்டைக் கொண்டு ஒரு சிலைக்குப் பெயரிடும்போது, எஞ்சியதை மட்டுமல்லாமல் இழந்தது என்னவாக இருந்திருக்கும் என்பதையும் எடைபோட வேண்டும். இதுவே இக்கட்டுரை முன்வைக்கும் வாதம்.

2. இதுவரையான ஆய்வுநிலை

கன்னியாகுமரிப் பகுதியான நாஞ்சில் நாட்டின் கல்வெட்டாய்வுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட மரபு உண்டு. திருவிதாங்கூர் அரசின் தொல்லியல் வரிசை நூல்களில் து. அ. கோபிநாதராவ் சிதறால் கல்வெட்டுகளை வெளியிட்டு, அவை சமணச் சான்றுகள் என்பதை நிறுவினார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கவிஞராக அறியப்பட்ட அளவுக்கு அறியப்படாத கல்வெட்டாய்வாளர். காந்தளூர்ச்சாலை பற்றிய அவரது ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. கே. கே. பிள்ளை சுசீந்திரம் கோயிலைப் பற்றி எழுதிய பெருநூல், ஒரு கோயிலின் கல்வெட்டு, கட்டடம், வழிபாடு மூன்றையும் ஒன்றாகப் பார்த்தது.

ஆயினும் இம்மரபில் கல்வெட்டு வாசிப்பும் சிற்ப ஆய்வும் பெரும்பாலும் தனித்தனித் தடங்களில் நடந்துள்ளன. கல்வெட்டறிஞர் வரிகளைப் படியெடுத்து வாசகத்தை அச்சிடுவார். அந்த வரி எந்தச் சிற்பத்தின் எந்தப் பக்கத்தில், எவ்வளவு இடைவெளியில் உள்ளது என்பது பல வேளைகளில் ஒற்றைக் குறிப்போடு நின்றுவிடும். சிற்ப ஆய்வாளர் இலக்கணத்தைக் கொண்டு உருவத்தை அடையாளம் காண்பார். அருகில் உள்ள எழுத்துக்கு அச்சிட்ட வாசகத்தையே நம்புவார். இரண்டு துறைகளுக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியில்தான் தவறான அடையாளங்கள் பிறக்கின்றன.

3. சிதறால் தரும் சான்று

சிதறாலில் சிற்பங்களோடு சேர்ந்து கிடைக்கும் பெயர்களில் அச்சணந்தி, உத்தணந்தி, வீரணந்தி என்னும் மூன்றும் உண்டு. வீரணந்தி திருநறுங்கொண்டையைச் சேர்ந்தவர் என்று கல்வெட்டு கூறுகிறது. இன்றைய உளுந்தூர்ப்பேட்டை வட்டாரத்திலிருந்து தெற்கின் எல்லைவரை ஒரு சமண அடிகளின் தொடர்பு நீண்டிருந்தது என்பதற்கு இது சான்று.

இம்மூவரும் சிற்பங்களில் காட்டப்பட்டவர்கள் என்று கொள்ள முடியுமா? உருவங்கள் அதற்கு இடம் தரவில்லை. அவை முக்குடையின் கீழ் அமர்ந்த அல்லது பாம்புப் படத்தின் கீழ் நின்ற தீர்த்தங்கரர்கள். ஐந்தலைப் பாம்பு குடைபிடிக்க நிற்பவர் பார்சுவநாதர். சிங்கமும் குழந்தைகளும் உடன் நிற்கும் பெண்ணுருவம் அம்பிகை இயக்கி. சிற்ப இலக்கணம் இவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. ஆகவே அடியில் உள்ளவை செய்வித்த அடிகளின் பெயர்கள் என்பதே பொருந்தும்.

இங்கே எழுத்துச் சிதைவு எத்தகைய இடரைத் தரும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஒரு வரியின் தொடக்கம் உதிர்ந்து ‘ணந்தி’ என்னும் இறுதி மட்டும் எஞ்சியிருந்தால், அதை நிறைவு செய்ய இம்மலையிலேயே மூன்று பெயர்கள் போட்டியிடும். புகழ் மிகுந்தவர் அச்சணந்தி என்பதால் ஆய்வாளரின் கை அந்தப் பெயரை நோக்கியே நீளும். மதுரையைச் சுற்றியுள்ள ஆனைமலை, சமணர் மலை, கருங்காலக்குடி முதலிய இடங்களில் அச்சணந்தியின் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. ஆனால் புகழ் சான்றாகாது. அவை அனைத்தும் ஒரே மனிதரைத்தான் குறிக்கின்றனவா என்பதுகூடத் தனியே நிறுவப்பட வேண்டிய செய்தி. சமண முனிவர்களிடையே ஒரே பெயர் தலைமுறைதோறும் திரும்பி வருவது வழக்கம். சீவகசிந்தாமணியில் சீவகனுக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரும் அச்சணந்திதான்.

வட்டெழுத்தின் இயல்பு இடரைப் பெருக்குகிறது. புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு காட்டப்படுவதில்லை. பகரமும் வகரமும் ஒன்றையொன்று நெருங்கிய வளைவுகள். பாறையின் இயற்கைக் கீறல் ஒன்று எழுத்தின் கோடாகத் தோன்றுவதும், எழுத்தின் கோடு தேய்ந்து கீறலாகத் தோன்றுவதும் நேரக்கூடியவை.

இம்மலையின் மற்றொரு கல்வெட்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அரட்டநேமி பட்டாரரின் மாணவியான குணந்தாங்கிக் குரத்திகள் இம்மலையின் பட்டாரியாருக்குப் பொன்னாலான பூ அளித்ததை அது பதிவு செய்கிறது. அதில் ‘விக்கிரமாதித்த’ என்னும் முற்பகுதி அழிந்து ‘வரகுணன்’ மட்டும் எஞ்சியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாண்டிய மரபிலும் வரகுணர்கள் உண்டு. ஒரு மலையின் அரசியல் வரலாறே வேறு அரச மரபின் கணக்கில் சேர்ந்திருக்கும். சில எழுத்துகளின் இழப்பு எத்தனை தூரம் பாயும் என்பதை இது காட்டுகிறது.

4. ஒப்பீடு: பெயரும் தொடர்பும்

சிதறால் பெயர்களைச் செய்வித்தவர் பெயர்களாகக் கொள்வதற்கு வலுவான துணை கழுகுமலையில் உள்ளது. அங்கே ஏறத்தாழ ஒன்றுபோல அமர்ந்திருக்கும் தீர்த்தங்கர உருவங்கள் வரிசை வரிசையாக உள்ளன. அவற்றின் கீழே வெவ்வேறு ஆட்களின் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. குரத்தியர் எனப்படும் பெண் துறவிகளின் பெயர்களும் அவற்றில் அடக்கம். ஆண் தீர்த்தங்கரரின் அடியில் பெண் பெயர் இருக்கும்போது, அது காட்டப்பட்டவரின் பெயராக இருக்க வழியில்லை. மதுரை சமணர் மலையில் இது இன்னும் வெளிப்படை. அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று அங்குள்ள கல்வெட்டு தெளிவாகவே சொல்கிறது. ‘செய்வித்த திருமேனி’ என்னும் பகுதி அங்கே தப்பியதால் குழப்பம் எழவில்லை. அது உதிர்ந்திருந்தால், குணமதியாரின் உருவச்சிலை என்று யாரேனும் எழுதியிருக்கக் கூடும்.

இதிலிருந்து, சமணச் சிற்பத்தின் அடியில் உள்ள பெயர் எப்போதும் செய்வித்தவருடையது என்று பொது விதி வகுத்துவிடவும் கூடாது. வேலூர் மாவட்டத்து வள்ளிமலை அதற்கு மாற்றுச் சான்று. அங்குள்ள கன்னட மொழிக் கல்வெட்டு ஒன்று, பவணந்தியின் மாணவரும் வாண மன்னரின் ஆசிரியருமான தேவசேனரின் உருவம் இது என்று சிற்பத்தையே சுட்டிச் சொல்கிறது. ஆசிரியருக்கு உருவம் எடுக்கும் வழக்கமும் இருந்தது என்பது இதனால் உறுதியாகிறது. ஆகவே ஒவ்வொரு சிற்பத்தையும் அதனதன் சான்றைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்புகளை ஒரே இடத்தில் சொல்லும் அரிய கல்வெட்டு கோனேரிராஜபுரத்தில் உள்ளது. செம்பியன் மாதேவியார் தம் கணவர் கண்டராதித்தர் பெயரால் திருநல்லம் என்னும் அவ்வூர்க் கோயிலைக் கல்லால் எடுப்பித்ததையும், இலிங்கத்தை வணங்கும் கோலத்தில் உள்ள உருவம் கண்டராதித்தருடையது என்பதையும் அது ஒருங்கே கூறுகிறது. செய்வித்தவர் ஒருவர், காட்டப்பட்டவர் மற்றொருவர். இக்கல்வெட்டில் எந்தப் பாதி அழிந்திருந்தாலும் நமக்கு வேறொரு வரலாறு கிடைத்திருக்கும். முழுமையான கல்வெட்டுகளை இவ்வாறு மனத்தால் சிதைத்துப் பார்ப்பது, சிதைந்தவற்றை அளவோடு நம்பக் கற்றுத்தரும் நல்ல பயிற்சி.

5. எழுத்து தெளிவு, ஆள் தெளிவில்லை: மாமல்லபுரம்

எழுத்து முழுமையாக இருந்தால் சிக்கல் தீர்ந்துவிடுமா? மாமல்லபுரத்து ஆதிவராகக் குடைவரை இதற்குத் தயக்கமான விடையையே தருகிறது. அங்கே ஒருபுறம் அமர்ந்த மன்னரும் இரு அரசியரும், எதிர்ப்புறம் நின்ற மன்னரும் இரு அரசியரும் செதுக்கப்பட்டுள்ளனர். உருவங்களுக்கு மேலே கிரந்த எழுத்தில் முறையே சிம்மவிண்ண போத்ராதிராசன், மகேந்திர போத்ராதிராசன் என்னும் பெயர்கள் உள்ளன. எச். கிருஷ்ண சாஸ்திரி 1926இல் இவர்களைச் சிம்மவிஷ்ணுவும் அவர் மகன் முதலாம் மகேந்திரவர்மனும் என்று அடையாளம் கண்டார்.

பெயர்களை மட்டும் பார்த்தால் இது நேரான முடிவு. ஆனால் பல்லவ மரபில் மகேந்திரர் மூவர். முதலாம் நரசிம்மவர்மனின் மகன் இரண்டாம் மகேந்திரன். இராசசிம்மனின் மகன் மூன்றாம் மகேந்திரன். சிம்மம் என்னும் கூறு நரசிம்மருக்கும் இராசசிம்மருக்கும் பொது. எனவே தந்தையும் மகனுமாக மூன்று இணைகள் இப்பெயர்களுக்குப் பொருந்தக்கூடும் என்ற விவாதம் எழுந்தது. மாமல்லபுரச் சின்னங்கள் அனைத்தையும் இராசசிம்மனுக்கு உரியவையாகக் கருதிய இரா. நாகசாமியின் 1962ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பின் இந்த விவாதம் மேலும் கூர்மையானது.

சிம்மவிஷ்ணு என்னும் அடையாளத்துக்கு ஆதரவானது, ‘சிம்மவிண்ண’ என்னும் வடிவம் சிம்மவிஷ்ணு என்பதன் திரிபாக இயல்பாக அமைவது. நரசிம்மரை அவ்வாறு குறித்தார்கள் என்பதற்குக் கூடுதல் சான்று தேவை. எதிரானது, குடைவரையின் சிற்பப் பாணியும் தூண்களின் அமைப்பும் முதலாம் மகேந்திரன் காலத்துக்குப் பிந்தியவையாகத் தோன்றுவது. மண்டகப்பட்டுக் கல்வெட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் கோயில் எடுத்ததாக அம்மன்னன் பெருமிதம் கொள்வதும் இங்கே நினைக்கத்தக்கது. தந்தை காலத்திலேயே இத்தகைய குடைவரை இருந்திருந்தால் அந்தப் பெருமிதத்துக்கு இடமேது?

இரண்டு தரப்பும் ஒரு முன்முடிவைப் பகிர்ந்துகொள்கின்றன: சிலையில் உள்ளவர் வாழ்ந்த காலமே சிலை செதுக்கப்பட்ட காலம் என்பது அது. அதைத் தளர்த்தினால், பிற்காலப் பல்லவர் ஒருவர் தம் முன்னோர் இருவரின் உருவங்களைத் தாம் எடுத்த கோயிலில் அமைத்தார் என்ற விளக்கம் இரு தரப்புச் சான்றுகளோடும் பொருந்தும். என் கருத்தில் பெயரையும் பாணியையும் ஒருசேர மதிக்கும் விளக்கம் இதுவே. எனினும் இது பொருத்தமான கருதுகோள் என்ற நிலையில்தான் நிற்கிறது.

6. உடல் இல்லாத பெயர், தலை இல்லாத உடல்

முன்னோர் உருவங்களை வரிசையாக அமைக்கும் வழக்கம் இந்தியாவில் பழமையானது. மகாராஷ்டிரத்து நானேகாட் கணவாயின் குகையில் சாதவாகன அரச குடும்பத்தின் உருவங்கள் செதுக்கப்பட்டு, சிமுகன், சாதகர்ணி, நாயனிகை முதலியோர் பெயர்கள் பிராமியில் மேலே பொறிக்கப்பட்டன. இன்று உருவங்கள் அழிந்து பாதங்களின் தடயங்களே எஞ்சியுள்ளன. பெயர்கள் படிக்கக் கிடைக்கின்றன. யார் நின்றார் என்பது தெரியும்; எப்படி நின்றார் என்பது போய்விட்டது.

மதுரா அருகே மாட் என்னும் ஊரில் 1911ஆம் ஆண்டை ஒட்டிக் கண்டெடுக்கப்பட்ட கனிஷ்கர் சிலையில் தலை இல்லை. ஆனால் நீண்ட அங்கியின் மேல் அவர் பெயர் பட்டங்களுடன் பொறிக்கப்பட்டுள்ளது. அதே இடத்தில் கிடைத்த மற்றொரு தலையற்ற சிலையில் எழுத்துகள் மிகவும் சிதைந்தவை. அவற்றைச் சஷ்டனரின் பெயராகப் படித்தனர். முதல் அடையாளமும் இரண்டாவதும் அருங்காட்சியகத்தில் ஒரே உறுதியோடு சொல்லப்பட்டால், பார்வையாளருக்கு அநீதி நேர்கிறது. ஒன்று கண்ணால் படித்த பெயர். மற்றொன்று வாசிப்பாளர் நிறைவு செய்த பெயர்.

கர்நாடகத்து கனகனஹள்ளியில் அசோகர் பெயர் பொறித்த புடைப்புச் சிற்பம் கிடைத்தது. இங்கே பெயர் ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் சிற்பம் அசோகருக்கு நூற்றாண்டுகள் பிந்தியது. அவரது முகச்சாயலை அதில் தேடுவது வீண். பிற்காலத்தார் அவரை எவ்வாறு நினைத்தனர் என்பதற்கே அது சான்று. ஒருவரின் உருவம் என்று நிறுவுவதும், அது அவரைப்போல் இருக்கிறது என்று நிறுவுவதும் வெவ்வேறு வேலைகள்.

7. கிரேக்கத்தின் அனுபவம்

இக்கேள்விகளை நெடுங்காலமாக எதிர்கொண்ட துறை கிரேக்க உருவச்சிலை ஆய்வு. கிரேக்க மூலச் சிலைகளில் பல வெண்கலத்தாலானவை. அவை உருக்கப்பட்டுப் பெயர் பொறித்த பீடங்கள் மட்டும் எஞ்சின. உரோமர் செய்த பளிங்குப் படிகளில் தலைகள் எஞ்சின. ஆனால் பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை. பெயருள்ள பீடத்தையும் பெயரற்ற தலையையும் இணைப்பதே அங்கு ஆய்வாளரின் வேலை.

நாடக ஆசிரியர் மெனாந்தரின் நிலை நல்ல எடுத்துக்காட்டு. ஏதென்சின் தியோனிசசு அரங்கில் அவர் சிலையின் பீடம் பெயரோடும் சிற்பிகள் கெபிசொதோத்தசு, திமார்க்கசு ஆகியோரின் ஒப்பத்தோடும் கிடைத்தது, சிலை கிடைக்கவில்லை. மறுபுறம், ஒரே முகத்தைக் காட்டும் உரோமப் படிகள் பல இருந்தன. அவை மெனாந்தர் என்று ஸ்டுட்னிக்ஸ்கா 1918இல் வாதிட்டார். உரோமக் கவிஞர் வெர்ஜில் என்று வேறு சிலர் வாதிட்டனர். பெயர் பொறித்த சிறு வெண்கல மார்பளவுச் சிலை ஒன்று 1970களின் தொடக்கத்தில் வெளிவந்த பிறகே மெனாந்தர் தரப்பு உறுதி பெற்றது. அரை நூற்றாண்டு விவாதத்தை உள்ளங்கை அளவுச் சிலையின் சில எழுத்துகள் முடித்துவைத்தன. பெயரும் முகமும் பிரியாமல் ஒரே பொருளில் இருந்ததுதான் அதன் வலிமை.

கிரேக்க அனுபவம் தரும் எச்சரிக்கையும் உண்டு. பீடத்தில் உள்ள பெயரே மாற்றப்பட்டிருக்கலாம். பழைய சிலைகளின் பெயரை அழித்து உரோமப் பெருமக்களின் பெயரைப் பொறித்த ரோட்சுத் தீவினரைத் தியோன் கிரிசோஸ்தொம் ஓர் உரையில் கடுமையாகக் கண்டித்தார். ஏதென்சில் மில்தியாதீசு, தெமிஸ்தோக்கிளீசு ஆகியோரின் சிலைகள் ஓர் உரோமருக்கும் ஒரு திரேசியருக்கும் உரியவையாகப் பெயர் மாற்றப்பட்டதைப் பயணி பாசனியாசு குறித்துவைத்தார். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் தொல்பொருள் சேகரிப்பு பெருகியபோது, பெயர் பொறித்த தூண்களில் தொடர்பற்ற தலைகளைப் பொருத்துவதும் போலிப் பெயர்களைச் செதுக்குவதும் நடந்தன. எனவே எழுத்து உண்மையானதா, அது சிலையின் காலத்ததா, அதே சிலையைச் சார்ந்ததா என்ற மூன்று கேள்விகளையும் அங்கே தனித்தனியாகக் கேட்கிறார்கள்.

8. நாஞ்சில் நாட்டுக்கு இதன் பொருள்

நாஞ்சில் நாட்டுச் சிற்பங்களும் வழிபாட்டு மாற்றங்களைக் கண்டவை. சிதறால் பிற்காலத்தில் பகவதி கோயிலாக வழிபடப்பட்டது. நாகர்கோவில் நாகராஜா கோயிலில் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணர்கள் இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. தூண்களில் தீர்த்தங்கரர் உருவங்கள் இன்றும் உள்ளன. பாம்பு வழிபாட்டுத் தலத்தில் பாம்புப் படத்தின் கீழ் நிற்கும் பார்சுவநாதரை நாகதேவதையாகக் காண்பது பக்தருக்கு இயல்பே. அந்த நம்பிக்கையும் கோயில் வரலாற்றின் பகுதி. ஆய்வாளர் அதை மதித்துப் பதிவு செய்யலாம். ஆனால் உருவத்தின் முதல் அடையாளத்தை முடிவு செய்ய அது போதாது.

சுசீந்திரம், திருவட்டாறு கோயில்களின் பிராகாரங்களில் விளக்கேந்தி நிற்கும் பாவைகளும், நம் கோயில் மண்டபங்களில் கைகூப்பி நிற்கும் ஆண் உருவங்களும் இன்னொரு வகைச் சிக்கல். இவற்றுக்கு ஊர் வழக்கில் அரசர் பெயரோ அரசி பெயரோ ஒட்டிக்கொள்வதுண்டு. விளக்குப் பாவை குறிப்பிட்ட ஒருவரின் உருவமாக இருப்பதற்கு முன்மாதிரி உண்டு: திருவிடைமருதூரில் மராட்டிய அரச குடும்பத்தைச் சேர்ந்த அம்முனு பாய் வேண்டுதலுக்காக அளித்த 19ஆம் நூற்றாண்டுப் பித்தளைப் பாவை விளக்கில் செய்தி எழுத்தாகவே உள்ளது. எழுத்தில்லாத பாவைகளுக்கு அதே முடிவை நீட்டுவது சரியாகாது. கொடையாளர் தம் உருவில் வார்ப்பித்ததும் பொதுப் பெண்ணுருவாக வார்ப்பித்ததும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும்.

இங்கே மூன்று நடைமுறைகள் அவசியம். முதலாவது, வாசகத்தை அச்சிடும்போது தெளிவாக உள்ள எழுத்து, ஐயத்துக்குரிய எழுத்து, ஆய்வாளர் நிறைவு செய்த எழுத்து மூன்றையும் வெவ்வேறு குறியீடுகளால் காட்ட வேண்டும். கிரேக்க, இலத்தீன் கல்வெட்டுகளுக்கு 1931இல் லைடனில் வகுக்கப்பட்ட குறியீட்டு முறை இதற்காகவே உருவானது. நம் கல்வெட்டுத் தொகுதிகளிலும் அடைப்புக்குறி வழக்கம் உண்டு. ஆனால் வாசகம் நூலிலிருந்து கட்டுரைக்கும், கட்டுரையிலிருந்து தகவல் பலகைக்கும் செல்லும் வழியில் அடைப்புக்குறிகள் முதலில் உதிர்கின்றன. இரண்டாவது, கல்வெட்டையும் சிற்பத்தையும் ஒரே படத்தில், அளவுகோலுடன் பதிய வேண்டும். பக்கவாட்டில் பல கோணங்களில் ஒளிபாய்ச்சி எடுக்கும் படங்கள் மைப்படியில் தெரியாத கோடுகளையும் காட்டும். மூன்றாவது, ஓர் அடையாளம் எழுத்தால் உறுதியானதா, இலக்கணத்தால் உறுதியானதா, ஊர் வழக்கால் சொல்லப்படுவதா என்பதைப் பெயரோடு சேர்த்தே எழுத வேண்டும்.

9. முடிவு

மேலே கண்ட சான்றுகள் ஒரு திசையையே காட்டுகின்றன. எழுத்து, அது இருக்கும் இடம், உருவத்தின் இலக்கணம் என்னும் மூன்றும் ஒத்துவந்தால் அடையாளம் உறுதி. இரண்டு ஒத்து, மூன்றாவது அமைதியாக இருந்தால் அது தக்க கருதுகோள். மூன்றில் ஒன்று முரண்பட்டால், சிதறாலில் உள்ளதுபோல, பெயருக்கும் உருவத்துக்கும் உள்ள தொடர்பையே மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கலாம். அவசர அடையாளம் இரண்டு பேரை ஒருசேர இழக்கச் செய்கிறது. சிதறால் சிற்பத்தை வீரணந்தியின் உருவம் என்று எழுதினால் அங்கே காட்டப்பட்ட தீர்த்தங்கரர் மறைகிறார். திருநறுங்கொண்டையிலிருந்து வந்து ஒரு திருமேனியைச் செய்வித்த துறவியின் செயலும் மறைகிறது. கல்லில் தம் பெயரைப் பொறித்தவர்கள் தாம் யார் என்பதோடு தாம் என்ன செய்தோம் என்பதையும் சொல்ல விரும்பினர். அந்த இரண்டாவது பகுதி அழிந்த இடங்களில் அதைத் தேடிப் பெயரோடு சேர்ப்பதும், தேடியும் கிடைக்காத இடங்களில் உருவத்துக்குப் பெயரிடாமல் விடுவதும் நாஞ்சில் நாட்டுச் சிற்ப ஆய்வு ஏற்க வேண்டிய பொறுப்பு.